‘கைதி’ படத்தைப் பார்க்காத மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இப்போது வரும் அடிதடிப் படங்களில் யார் யாரை எதற்காக வெட்டுகிறான் என்றே விளங்குவதில்லை, இரைச்சலும் தலைவலியும்தான் மிச்சம் என்று திருச்செங்கோட்டுக் கல்யாணத்தில் சொன்னீர்கள். பெரும்பாலான படங்களுக்கு அது பொருந்தும். ஆனால் 2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யையும் அந்தக் கணக்கில் சேர்த்து ஒதுக்கிவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம். சங்ககிரியிலிருந்து வடக்கே லோடு ஏற்றிப் போய் எத்தனையோ இரவுகளைக் கேபினில் கழித்த நீங்கள் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

கதை ஒரே இரவில் நடக்கிறது. விருந்தில் மதுவில் எதையோ கலந்துவிட, காவல்துறை உயரதிகாரிகள் நினைவிழந்து கிடக்கிறார்கள். அவர்களை லாரியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அதிகாரிக்குக் கையில் காயம். ஸ்டியரிங் பிடிக்க முடியாது. பத்தாண்டுச் சிறைவாசம் முடித்து, இதுவரை முகமே பார்த்திராத மகளைக் காணக் கிளம்பிய டில்லியை அவர் வண்டியோட்ட வற்புறுத்துகிறார். இன்னொரு பக்கம், பறிமுதலான போதைப்பொருளை மீட்கத் திருச்சி ஆணையர் அலுவலகத்தை ஒரு கும்பல் சூழ்கிறது. புதிதாக மாற்றலாகி வந்த காவலர் ஒருவரும், அங்கே மாட்டிக்கொண்ட சில கல்லூரி மாணவர்களும் தவிர உள்ளே காப்பதற்கு ஆளில்லை.

நம் கிணத்துக்கடவுக்காரரான லோகேஷ் கனகராஜ், கதாநாயகியும் புதிய பாடலும் இல்லாமல் இந்தப் படத்தை எடுத்திருக்கிறார். லாரி எங்கே நிற்கிறது, துரத்துகிறவர்கள் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், அலுவலகக் கதவு இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதெல்லாம் எந்த நொடியிலும் நமக்குத் தெரிந்திருக்கிறது. பதற்றம் அதனால்தான் ஏறுகிறது. சத்யன் சூரியனின் ஒளிப்பதிவில் முகப்பு விளக்கு எட்டும் தூரம் வரைதான் சாலை தெரியும், அதற்கு அப்பால் வெறும் இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஆட்கள் பாய்ந்து வரும்போது, ராத்திரி வண்டியோட்டியவர்களுக்கு என்னைவிடக் கூடுதலாக நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

வன்முறை நிறையவே உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் விழும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு காரணம் இருக்கிறது. லாரியின் பின்னால் உயிர்கள் கிடக்கின்றன என்ற நினைப்பு நம்மை விட்டு நீங்குவதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜ் மரியான் நடித்த அந்தக் காவலர்தான். நகைச்சுவை வேடங்களில் நாம் பார்த்துப் பழகிய அந்தச் சிறிய உருவம், பயத்தில் நடுங்கிக்கொண்டே கதவை விட்டு நகராமல் நிற்பதைப் பார்த்தபோது, எந்தக் கதாநாயகனின் சண்டைக்கும் வராத பெருமிதம் எனக்கு வந்தது.

இறுதியில் வரும் இயந்திரத் துப்பாக்கிக் காட்சியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதுவரை ஒவ்வொரு உயிரையும் எண்ணி எண்ணிக் காத்த படம், அங்கே எண்ணிக்கையே இல்லாமல் ஆட்களைச் சாய்க்கிறது. அந்த இடத்தில் உங்கள் குறை முழுக்க நியாயமானது.

பேத்தியைத் தூங்கவைத்த பிறகு, அத்தையோடு உட்கார்ந்து பாருங்கள். டில்லி அந்த லாரியை ஓட்டுகிற விதம் சரிதானா, உங்கள் அனுபவத்துக்கு ஒப்புகிறதா என்று சொல்லுங்கள். அதை உங்களிடம்தான் நான் கேட்க முடியும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்