2025–26 ஆண்டறிக்கை: படிப்பகமும் கணினி அறையும்

தலைவர் ஐயா அவர்களுக்கும், துணைத்தலைவர் அக்காவுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை பெங்களூரு அல்சூரில் உள்ள நம் படிப்பகத்தில் நடந்தவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு அறிக்கை நீளம் என்று சிலர் குறைப்பட்டீர்கள். இந்த ஆண்டும் நீளம்தான். ஆனால் ஒரே விஷயத்தில் நீளம்.

சட்டென்று முடிக்க வேண்டியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. மே மாதம் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் கூடவில்லை. சந்தா பாக்கி சிலரிடம் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். திருவள்ளுவர் நாளன்று வழக்கம்போல் ஏரிக்கரைச் சிலைக்கு மாலை போட்டோம். 1991இல் கொண்டுவந்து வைத்த சிலை 2009 ஆகஸ்ட் 9 வரை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே இருந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். "அப்போ நம்ம லேப்டாப் பரவாயில்ல, ரெண்டு மாசம்தான் மூடி வெச்சோம்" என்றாள் ஒரு சிறுமி. அந்த இரண்டு மாதக் கதைக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் நம் உறுப்பினர் ஒருவர், தான் வேலை பார்க்கும் இடத்தில் கழித்துவிட்ட ஏழு லேப்டாப்களை வாங்கித் தந்தார். ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. தகவல் வெளியே போய்விடக் கூடாது என்று டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு உடம்பை மட்டும் கொடுப்பது இந்த ஊரில் சகஜம். ஏழு டிஸ்க் வாங்க நம்மிடம் பணம் இல்லை. வாங்கினாலும் விண்டோஸ் 10க்கு அந்த அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிவதாக இருந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்தப் பழைய உடம்புகளில் இல்லை. அதனால் ஆளுக்கொரு பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாகப் பப்பி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம். 2003இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி கௌலர் தொடங்கிவைத்தது. மொத்தமே சில நூறு எம்பிதான். பென் டிரைவிலிருந்து எழுந்து அப்படியே ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். டிஸ்க் இல்லை என்று அலட்டிக்கொள்ளாது. பிள்ளைகள் அதை "நாய்க்குட்டி" என்றே கூப்பிடுகிறார்கள். நாய்க்குட்டி முதல் நாளே ஏழு இயந்திரத்திலும் ஓடியது. வைஃபைதான் இரண்டே இரண்டில் வந்தது.

மற்ற ஐந்தும் உறையில் போய்விட்டன. அதற்குக் காரணம் இயந்திரம் மட்டுமல்ல, நானும்தான். "நெட் வரல" என்று பிள்ளைகள் சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணு" என்பதைத் தவிர எனக்கு வேறு மருந்து தெரியாது. "நெட் வரல" என்பது "பஸ் வரல" மாதிரி என்று பிறகுதான் புரிந்தது. டிப்போவிலிருந்தே கிளம்பவில்லையா, சிக்னலில் நிற்கிறதா, வந்தும் நம் ஸ்டாப்பில் நிற்காமல் போய்விட்டதா, ஏறிவிட்டோம் ஆனால் வேறு ஊருக்குப் போகிறதா? எல்லாவற்றுக்கும் நாம் சொல்வது ஒரே வார்த்தை. ஐந்து லேப்டாப்பில் ஐந்து வேறு வியாதி. அது தெரிய ஆகஸ்ட் ஆகிவிட்டது.

முதலாவதில் வைஃபை கார்டு தூங்கிக்கொண்டிருந்தது. விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒரு சின்ன ஆண்டெனா படம், அதன் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று கட்டளை அடித்தால் கார்டு எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று இரண்டு வரி காட்டும். மென்பொருள் பூட்டு என்றால் கட்டளை கொடுத்தே திறக்கலாம். வன்பொருள் பூட்டு என்றால் எந்தக் கட்டளைக்கும் மசியாது, கையால்தான் பொத்தானை அழுத்த வேண்டும். இங்கே இரண்டாவது. பொத்தானை அழுத்தியதும் விளக்கு நீலமானது. நான் ஒரு வாரம் மல்லுக்கட்டியதை எட்டாம் வகுப்புப் பையன் ஒரு விரலில் முடித்தான். நான் அந்த விளக்கை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவதில் கார்டு இருந்தது, அதை இயக்கும் ஓட்டுநர் மென்பொருளும் (டிரைவர்) இருந்தது, ஃபர்ம்வேர் இல்லை. ஃபர்ம்வேர் என்பது கார்டின் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சின்னக் கோப்பு. ஏஆர்9285 போன்ற பழைய ஏதெரோஸ் கார்டுகளுக்கு அது தேவையே இல்லை. நம்மிடம் முதல் நாளே ஓடிய இரண்டும் அந்த ரகம். இன்டெல் கார்டுகளுக்குத் தேவை, ஆனால் லினக்ஸ்காரர்கள் கூடவே வைத்துக் கொடுக்க அனுமதி உண்டு. பிராட்காமின் பழைய சிப்புகள் சிலவற்றுக்கு உரிமச் சிக்கல்; கோப்பை நாமே தேடிப் போட வேண்டும். கணினியின் உள்குறிப்புகளைக் காட்டும் 'டிமெசேஜ்' கட்டளை கொடுத்து அதில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல் வரும் வரியை மட்டும் படித்தால், எந்தக் கோப்பைத் தேடிக் கிடைக்கவில்லை என்று பெயரோடு சொல்லிவிடும். சரி, பெயர் கிடைத்தது. கோப்பை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. துணைத்தலைவர் அக்காதான் தன் போனைச் சார்ஜர் வயரில் லேப்டாப்போடு இணைத்து, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கைத் தட்டினார். போன் அப்படியே கம்பி இணைப்பு மாதிரி வேலை செய்தது. ஐந்து நிமிடத்தில் கோப்பு இறங்கியது. இனி எந்த லேப்டாப்பில் வைஃபை முரண்டு பிடித்தாலும் முதல் காரியம் இதுதான் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அக்காவின் டேட்டாவுக்கு மன்றம் பணம் தர வேண்டும் என்பதையும் குறிப்பில் சேர்த்திருக்கிறோம்; அவர் வாங்க மாட்டேன் என்கிறார்.

மூன்றாவதில் உள்ளே இருந்த கார்டே செத்துவிட்டிருந்தது. இங்கே ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் போய், வெளியே யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கி வந்தவன் நான். லினக்ஸில் போட்டதும் ஓடும் என்று விசாரித்து வைத்திருந்த அதே பெயர், அதே மாடல் எண். ஓடவில்லை. அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் பதிப்பு எண் வேறாக இருந்தது. பதிப்பு மாறினால் உள்ளே சிப்பே மாறிவிடும், பெயர் மட்டும் மாறாது. செருகிய யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையை அடித்தால் வரும் எட்டு எழுத்து அடையாள எண்தான் உண்மையான ஜாதகம். அட்டைப் பெட்டி வெறும் கல்யாணப் பத்திரிகை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பொருளாளர் அதை "செயலாளர் கற்றுக்கொண்ட வகையில்" என்று கணக்கில் எழுதியிருக்கிறார், கவனிக்கவும். இரண்டாவது டாங்கிளை வாங்கப் போகும்போது லேப்டாப்பையும் பென் டிரைவையும் கையோடு கொண்டுபோய், கடை வாசலிலேயே போட்டுப் பார்த்து வாங்கினேன். நாய்க்குட்டியால் கிடைக்கும் பெரிய வசதி அது. அமைப்பே சட்டைப்பையில் இருக்கிறது.

நான்காவதில் எல்லாம் சரி, பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள்கூட வரிசையாகத் தெரிந்தன. நம் ரூட்டர் பெயர் மட்டும் தெரியவில்லை. அதே மேஜையில் வைத்த போன்களில் தெரிந்தது. ரூட்டர் தானாகவே 13ஆம் சேனலுக்கு, அதாவது வேறு அலைவரிசைக்கு, போயிருந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 வரை அனுமதி உண்டு. அமெரிக்காவில் 11 வரைதான் வழக்கம். அந்தச் சந்தைக்காக அமைக்கப்பட்ட கார்டு 11ஐத் தாண்டிப் பார்க்காது. ரூட்டரை 6ஆம் சேனலில் நிறுத்தி வைத்தோம். அவ்வளவுதான்.

ஐந்தாவது லேப்டாப்பைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை. அதில் சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன. இணைப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் 'பிங் 8.8.8.8' கட்டளையைப் போட்டால் பதில் வந்தது. தளத்தின் பெயரைப் போட்டாலும் வந்தது. ஆனால் பிரவுசரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று சிவப்பு எச்சரிக்கை. நானும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் கடவுச்சொல்லை மாற்றினோம், ரூட்டரை அணைத்துப் போட்டோம், பென் டிரைவை மாற்றினோம். எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் நாளிதழ் படிக்க வந்தவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டு, வலது மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, இதுக்கு இன்னும் 2010 ஜனவரி முடியலையே" என்றார். தாய்ப்பலகையில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோய், அணைக்கும்போதெல்லாம் தேதி பழைய காலத்துக்கு ஓடியிருக்கிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2010இல் நின்றுகொண்டு பார்த்தால் அவை இன்னும் பிறக்காத சான்றிதழ்கள், பிரவுசர் நம்புமா? தேதியை மாற்றினோம், அடுத்த நொடி எல்லாம் திறந்தது. பேட்டரியை மறுநாள் அவரே வாங்கி வந்து போட்டார், விலையைக் கேட்டதற்குத் திட்டினார்.

ஆகஸ்ட் மாத இறுதியில் ஏழும் ஓடின. அப்புறம் நிம்மதியாக இருந்தோமா என்றால் இல்லை. பப்பியில் வைஃபையை இணைக்க எஸ்என்எஸ், ஃபிரிஸ்பி, நெட்வொர்க் விசார்டு என்று ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் இருக்கின்றன. ஒருவர் ஒன்றில் இணைக்க, அடுத்தவர் இன்னொன்றைத் திறக்க, இரண்டும் ஒரே கார்டைப் பிடித்து இழுத்தன. இனி எஸ்என்எஸ் மட்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியாகிவிட்டது. இன்னொன்று: முதல்முறை அணைக்கும்போது "சேமிக்கவா?" என்று பப்பி கேட்கும். அவசரத்தில் "வேண்டாம்" என்று அமுக்கினால் கடவுச்சொல், ஃபர்ம்வேர், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் மறந்து மறுநாள் பிறந்த குழந்தையாக எழும். பிள்ளைகள் வீட்டுக்கு ஓடும் ஆறரை மணிக்கு இந்தக் கேள்வியை நிதானமாகப் படிப்பவர் யார்?

பொங்கல் விழா மாலை வேறு ஒரு கூத்து. மறுநாள் காலை ஏழு லேப்டாப்பும் வைஃபையில் சேர்ந்தன, ஆனால் ஒன்றிலும் இணையம் இல்லை. ரூட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் தர வேண்டிய ஐபி முகவரியைப் பார்த்தால் 169.254 என்று ஆரம்பித்தது. ரூட்டரிடம் முகவரி கேட்டு, கிடைக்காமல், தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அதற்குப் பொருள். இணைப்பு போட வந்தவர் ரூட்டரில் இருபது முகவரிகளுக்கு மட்டும் இடம் விட்டு, ஒன்றைக் கொடுத்தால் ஒரு நாள் முழுக்க அதை வேறு யாருக்கும் தராதபடி அமைத்துவிட்டுப் போயிருந்தார். முதல் நாள் விழாவுக்கு வந்த உங்கள் போன்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டன. பொங்கலைச் சாப்பிட வந்தவர்கள் நெட்டையும் சாப்பிட்டுவிட்டீர்கள். இப்போது நூறு முகவரி, இரண்டு மணி நேரக் கெடு. ஆனாலும் அடுத்த விழாவில் கடவுச்சொல்லை எல்லோருக்கும் சொல்வதில்லை என்பது என் சொந்த முடிவு. கூட்டம் மறுத்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டே கோரிக்கைகள். ரூட்டரிலிருந்து கணினி அறை வரை ஒரு லேன் கம்பி இழுக்க வேண்டும். ஒரு மேஜையிலாவது கம்பியில் இணையம் இருந்தால் மற்ற ஆறுக்கு வைத்தியம் பார்ப்பது எளிது, அக்காவின் போனும் பிழைக்கும். இரண்டாவது, மாலை ஆறரைக்கு வந்து ஏழு லேப்டாப்பையும் ஒழுங்காகச் சேமித்து அணைக்க ஒரு பெரியவர் வேண்டும். கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

கடைசியாக, மூன்றாம் எண், ஆறாம் எண் பென் டிரைவ்கள் பிப்ரவரியிலிருந்து காணவில்லை. யாராவது வீட்டுப்பாடத்துக்கு எடுத்துப் போயிருக்கலாம், தப்பில்லை. ஆனால் நம் வைஃபை கடவுச்சொல் அவற்றில் வெறும் எழுத்தாகவே, எந்தப் பூட்டும் இல்லாமல் இருக்கிறது. அதனால் நேற்று ராத்திரி கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். புதியதைப் பொருளாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்களும் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்