மேய்க்கால் புறம்போக்கில் நிற்கும் மரங்களுக்காக: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், ஆணையர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊரின் மேற்கே உள்ள தோப்புக்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இடம் ஒதுக்குவது பற்றி மன்றத்தில் பேசப்பட்டிருக்கிறது. அதை எதிர்த்தே இந்த மடல். பாதாளச் சாக்கடைத் திட்டத்தை எதிர்த்து எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். அது இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய திட்டம். செப்டிக் டேங்க் லாரிகள் இரவில் ஓடைப் பாலத்தருகே நின்று குழாயைத் திறந்துவிடுவது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மனிதர்களைத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தும் மரணச் செய்திகள் நின்றபாடில்லை. ஆகவே நிலையம் வேண்டும். இடம்தான் தவறு.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர் மாடுகள் மேய விட்ட பொதுநிலம். பட்டாதாரர் கிடையாது, இழப்பீடு கிடையாது, நீதிமன்றத்தில் தடையாணை வாங்க ஆள் கிடையாது. கோப்பு சீக்கிரம் நகரும். பதிவேட்டை எழுதியவர் காலத்தில் அங்கே மாடுகள் மேய்ந்தன. இன்று வேம்பும் புங்கையும் உசிலையும் வெள்வேலும் தலைக்கு மேல் கூடியிருக்கின்றன. பதிவேடு மாறவில்லை, நிலம் மாறிவிட்டது.

அங்கே யார் வருகிறார்கள் என்று ஒரு நாளாவது அதிகாலையில் போய்ப் பாருங்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடிப் பழகும் பையன்கள் வருகிறார்கள். இந்த ஊரில் அவர்களுக்கு வேறு மைதானம் இல்லை. சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பியவர்கள் வருகிறார்கள். வெயில் ஏறியதும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பாட்டி வருகிறார். அந்த மேய்க்கால் நிலத்தை அதன் பெயருக்கேற்பப் பயன்படுத்துபவர் இப்போது அவர் ஒருவர்தான். காசு கொடுக்காமல் ஒரு மணி நேரம் நிழலில் உட்கார இந்த நகரத்தில் வேறு இடம் இருந்தால் சொல்லுங்கள். நகராட்சிப் பூங்காவை மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கிறீர்கள். அது தனிக்கதை.

இனி பொறியியலுக்கு வருகிறேன். மன்றக் கூட்டத்தில் இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கழிவுநீர் தானாக ஓடிச் சேர வேண்டுமானால் நிலையம் பள்ளத்தில் இருக்க வேண்டும். நம் ஊர் கிழக்கே ஓடையை நோக்கிச் சரிகிறது. மழைநீர் எங்கே போய்த் தேங்குகிறது என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். தோப்புக்காடோ மேட்டில் இருக்கிறது. அப்படியானால் ஊர்க் கழிவு முழுவதையும் உந்து நிலையம் வைத்து மேலே ஏற்ற வேண்டும். நாளும் பொழுதும் மோட்டார் ஓடும். மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் ஓடும். ஜெனரேட்டரில் டீசல் இல்லாத இரவில் தெருத்தெருவாக ஆள்நுழை குழிகள் பொங்கும். நிலத்தில் மிச்சம் பிடித்த பணத்தை மின்கட்டணமாகத் திட்டம் இருக்கும்வரை கட்டிக்கொண்டிருப்போம்.

நாற்றம் வராது, நவீனத் தொழில்நுட்பம் என்கிறார்கள். கழிவுநீர் காற்றுப் படாமல் நீண்ட அழுத்தக் குழாயில் கிடந்து வரும்போதுதான் ஹைட்ரஜன் சல்பைடு அதிகம் உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். கழிவுநீர் வந்து விழும் நிலையத்தின் வாய்த்தொட்டியில் அது வெளியேறும். மேட்டில் நிலையம் வைத்தால் குழாய் நீளும், நாற்றமும் கூடும். சுத்திகரித்த நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கசடு என்று ஒன்று மிஞ்சும். அதை உலர்த்த வேண்டும், லாரியில் அள்ள வேண்டும், லாரி போக மரங்களுக்கிடையே சாலை வேண்டும்.

ஓரமாகக் கொஞ்சம் இடம்தானே கேட்கிறோம் என்கிறீர்கள். மத்திய அரசின் கழிவுநீர்க் கையேடு, முப்பது ஆண்டு கழித்து இருக்கப்போகும் மக்கள்தொகையைக் கணக்கில் வைத்து இடம் எடுக்கச் சொல்கிறது. நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது வழக்கமான கணக்கு. ஆள் கூடக் கூடக் கழிவும் கூடும், நிலையமும் விரியும். புதுப்புது மனைப்பிரிவுகளுக்கு நீங்களே அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, ஓரம் எத்தனை நாளைக்கு ஓரமாக இருக்கும்?

சென்னையில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை யாருக்கும் உதவாத நிலமாகக் கருதித்தான் பெருங்குடியில் குப்பையைக் கொட்டினார்கள், கழிவுநீர் நிலையத்தையும் அங்கேயே வைத்தார்கள். பிறகு 2007இல் அதன் ஒரு பகுதியான 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022இல் அது ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகப் பட்டியலில் சேர்ந்தது. இன்று அந்தக் குப்பையைத் தோண்டி அகற்ற அரசே செலவழிக்கிறது. நம் தோப்புக்காடு பள்ளிக்கரணை அளவுக்குப் பெரியதில்லைதான். ஆனால் கோப்பில் நடக்கும் வேலை ஒன்றேதான்.

சட்டமும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும், யாருக்குச் சொந்தமானாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் சொன்னது. கிராமப் பொதுநிலங்களை மற்றவற்றுக்குத் திருப்பிவிடுவதை ஜக்பால் சிங் வழக்கில் 2011இல் கடுமையாகக் கண்டித்தது. வழக்காட வேண்டும் என்பது எங்கள் ஆசையில்லை. வழக்குப் போனால் திட்டம் பல ஆண்டுகள் முடங்கும். ஓடையில் லாரிகள் தொடரும்.

எனவே கேட்கிறோம். விரிவான திட்ட அறிக்கையை வார்டு அலுவலகங்களில் தமிழில் வையுங்கள். எந்தெந்த இடங்களைப் பார்த்தீர்கள், எதை ஏன் ஒதுக்கினீர்கள் என்பது அதில் இருக்கட்டும். ஓடைக்கரையில் நகராட்சிக்குச் சொந்தமான பழைய உரக்கிடங்கை ஆய்வு செய்தீர்களா? அது பள்ளத்தில் இருக்கிறது, சாலையும் இருக்கிறது. வெள்ளம் ஏறும் என்பது அதன் குறை. தரையை உயர்த்தவும் கரை கட்டவும் ஆகும் செலவை மேட்டுக்கு நீரேற்றும் செலவோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். அந்தக் கணக்கை, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்தில் வைத்து, எங்கள் கேள்விகளுக்குப் பொறியாளரே நேரில் பதில் சொல்லட்டும். அதுவரை தோப்புக்காட்டில் அளவைக் கல் நடுவதையும் மரங்களுக்கு எண் போடுவதையும் நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
வரி பாக்கியில்லாத குடிமக்களுள் ஒருவன்