கிழக்கு முனையைத் திறந்துவிடுங்கள்: பிரித்தானிய வெளியுறவுச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வெளியுறவுச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே 22 அன்று இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரீசியசிடம் ஒப்படைக்கத் தங்கள் அரசு அந்நாட்டுடன் கையெழுத்திட்ட உடன்படிக்கை, மற்றத் தீவுகளில் மக்கள் மீண்டும் குடியேற வழிவிட்டு, மிகப் பெரிய தீவான தியாகோ கார்சியாவை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. அங்கே பிரித்தானிய-அமெரிக்கப் படைத்தளம் இருப்பதுதான் காரணம் என்பதைத் தாங்கள் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தீவின் கிழக்குக் கரையில் அதன் சொந்த மக்கள் வாழ அனுமதியுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

தளமும் குடிமக்களும் ஒரே தீவில் இருக்க முடியாது என்ற வாதத்தைத் தங்கள் நாட்டின் போர் வரலாறே பொய்யாக்குகிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளான அந்தக் காலத்தில், இந்தியப் பெருங்கடலில் கப்பல்களைக் காக்கப் பறந்த கட்டலினா கடல் விமானங்களுக்கு இத்தீவு தளமாயிற்று. கேனன் முனையில் 6 அங்குலப் பீரங்கிகள் இரண்டு நிறுத்தப்பட்டன. உலகமே போரில் இருந்த அந்த நாள்களிலும், கிழக்குக் கரையிலிருந்த கிழக்கு முனை என்ற ஊரின் தென்னந்தோப்பில் கொப்பரை காய்ந்துகொண்டுதான் இருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஊரை யாரும் காலி செய்யவில்லை. 1944 புயலில் கரைக்குத் தூக்கியெறியப்பட்ட ஒரு கட்டலினாவின் துருவேறிய உடற்பகுதி அந்தக் கடற்கரையிலேயே கிடக்க விடப்பட்டது. விமானச் சிதைவுக்குக் கிடைத்த அந்த இடம், அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

1971-இல் தீவின் நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்துப் புகையூட்டிக் கொன்றுவிட்டு, படைத்தளத்துக்காக மக்களைக் கப்பலேற்றி வெளியேற்றிய கதை தங்கள் கோப்புகளில் இருக்கிறது. அதைவிட என்னை உறுத்துவது கல்லறைகளின் கதை. தாயையும் தகப்பனையும் அங்கே புதைத்துவிட்டு வந்தவர்கள், 35 ஆண்டுகள் கழித்து 2006-இல், தங்கள் அரசு ஏற்பாடு செய்த பயணத்தில் முதியவர்களாகத் திரும்பிப் போனார்கள். பெற்றோரின் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைக்க, விருந்தாளிகளைப் போல நேரம் ஒதுக்கித் தரப்பட்டது. அந்தத் தீவில் ஓர் இரவு படுத்து எழ அனுமதி இருக்கவில்லை. அதே தீவில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் ஒப்பந்த அடிப்படையில் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. அந்நியர் தங்கினால் வராத ஆபத்து, மண்ணின் மக்கள் தங்கினால் மட்டும் எப்படி வரும் என்றுதான் கேட்கிறேன்.

1982-இல் சுமார் 1,800 ஃபாக்லாந்து தீவினரின் விருப்பமே பெரிது என்று உலகின் மறுகோடிக்குக் கடற்படை அனுப்பியதும் தங்கள் நாடுதான். சாகோஸ் தீவுகளில் கடற்பறவைகளைத் தவிர வேறு பூர்வகுடி இருக்காது என்று 1966-இல் குறிப்பெழுதியதோ தங்கள் அமைச்சின் உயர் அதிகாரி. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பதை இவ்வளவு நேர்த்தியான ஆங்கிலத்தில் வேறு யாராலும் எழுத முடியாது. பொதுமக்களுக்கு ஒவ்வாத தீவு என்று சொல்லப்பட்ட அதே இடத்தில், 2021 அக்டோபரில் படகில் வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களைக் குழந்தைகளோடு மூன்றாண்டுகளுக்கு மேல் கூடாரங்களில் வைத்திருந்தீர்கள். அது சட்டவிரோதத் தடுப்புக்காவல் என்று 2024 டிசம்பரில் சாகோஸ் தீவுகளுக்கான பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் பிராந்திய நீதிமன்றமே தீர்ப்பளித்தது. வேலிக்குள் என்றால் பொதுமக்கள் வாழலாம் போலும்.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது பெரிதல்ல. ஓடுதளமும் துறையும் தீவின் மேற்குக் கரத்தில் இருக்கின்றன. பழைய ஊரும் தேவாலயமும் இருக்கும் கிழக்கு முனை, கடற்கழிக்கு அப்பால் மறுகரையில் காடு மண்டிக் கிடக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு கொடுத்து 99 ஆண்டுகளுக்குத் தளத்தை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்ட அரசு, மொரீசியசுடனும் அமெரிக்காவுடனும் பேசி அந்த ஒரு கரையை விலக்கிலிருந்து நீக்க முடியும். அங்கே பிறந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களில் விரும்புவோர் முதலில் குடியேற, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இலண்டனில் வாழும் ஒரு தமிழர்