சார்ஜர் பொருத்தும் தம்பிகளுக்கு

கோலாலம்பூரில் வீடு வீடாகப் போய் மின்கார் சார்ஜர் பொருத்தும் நம் தம்பிகளுக்கு, செந்தூலில் முப்பது வருடம் வயரிங் வேலை பார்த்து ஓய்ந்த அண்ணன் எழுதுவது.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "அங்கிள், ராத்திரி கார் சார்ஜ் ஆகவே மாட்டேங்குது. முக்கால் மணி நேரத்துல டிரிப் ஆகி நின்னுடுது." பொருத்தியவர்கள் இரண்டு முறை வந்து போயிருக்கிறார்கள். "40 ஆம்பியர் பிரேக்கர் பத்தல, அடுத்த தடவை 63 போட்டுடலாம்" என்றார்களாம்.

மெயினை இறக்கி, மின்சாரம் இல்லை என்று சோதித்துவிட்டு, பிரேக்கர்கள் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்தேன். கருகிய பிளாஸ்டிக் வாடை. பிரேக்கரில் நுழையும் கம்பியின் உறை ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பேறி, நகம் பட்டதும் உதிர்ந்தது. ஸ்க்ரூ முழுசாக ஒரு சுற்று இறங்கியது. அவ்வளவு தளர்வு! தளர்ந்த இடத்தில் சூடு ஏறும். அந்தச் சூடுதான் பிரேக்கருக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டையை வளைத்து டிரிப் ஆக்கியது. 63 போட்டிருந்தால் டிரிப் நின்றிருக்கும், கம்பி எரிந்திருக்கும்.

வாட்டர் ஹீட்டர் பத்து நிமிடம் ஓடும். 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரை ஐந்தாறு மணி நேரம் விடாமல் இழுக்கும். அதனால் கை அளவில் முறுக்கிவிட்டு வராதீர்கள். பிரேக்கரில் எழுதியிருக்கும் அளவுக்கு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் முறுக்குங்கள்.

டிரிப் என்று கூப்பிட்டால், எது விழுகிறது, எப்போது விழுகிறது என்று முதலில் கேளுங்கள். நேரம் கழித்துப் பிரேக்கர் விழுந்தால் சூடு. மழையில் மட்டும், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்தால் எங்கோ தண்ணீர் இறங்குகிறது. அப்புறம், அது மாறுமின் கசிவை மட்டும் உணரும் ஏசி வகை ஆர்சிசிபியா என்றும் பாருங்கள். காரிலிருந்து நேர்மின் (டிசி) கசிவு வந்தால் அந்த வகை மரத்துப்போய், விழவேண்டிய நேரத்தில் விழாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லியாம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் பாகம் இருந்தால் ஏ வகை ஆர்சிசிபி போதும், இல்லையென்றால் நேர்மின் கசிவையும் உணரும் பி வகைதான்.

என் தூக்கத்தைக் கெடுப்பது எர்த் விஷயம். பழைய தெரெஸ் (வரிசை) வீடுகளில் மண்ணில் அடித்த எர்த் கம்பியின் கிளாம்ப் துருப்பிடித்திருக்கும், சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி மறுக்கும். நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்தால் விளக்கு அணைந்துவிடும் என்று சில பேர் செய்வதை நானே பார்த்திருக்கிறேன். வேண்டாம் தம்பி. தெருவில் நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வரும். காலையில் ஈரத்தரையில் நின்றுகொண்டு கதவைத் திறப்பது ஒரு பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். புது எர்த் கம்பி அடித்து, மீட்டரில் அளந்து, அளவை டிபி மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். காரை மாட்டிவிட்டு அரை மணி நேரம் இருந்து, பிரேக்கர் சூட்டை அளந்துவிட்டுப் போங்கள். அந்த வீட்டில் டீ கொடுப்பார்கள்.