பீச் ரோடு முகாம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் பீச் ரோட்டில் புதுப்பிக்கப்பட்ட பழைய கட்டடங்கள் பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அங்கிருந்த ராணுவ முகாமை ‘பிரிட்டிஷ் சிப்பாய்கள் குடியிருந்த இடம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். பிரிட்டிஷ் சிப்பாய்கள் பொழுதுபோக்க வந்தது பக்கத்துக் கட்டடத்துக்கு. 1952இல் கட்டிய பிரிட்டானியா கிளப் அது. பிற்பாடு என்சிஓ கிளப், அதாவது ஹவில்தார் போன்ற கீழ்நிலை ராணுவ அதிகாரிகளின் கிளப் ஆனது. முகாமோ, பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டுச் சாயங்காலம் துப்பாக்கி தூக்கியவர்களின் இடம்.

1930களில் சிங்கப்பூர் தொண்டூழியப் படையின், அதாவது தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் படையின், தலைமையகமாக எழும்பியது அது. படை அதைவிட மூத்தது. 1854இல் ஹொக்கியன், தியோச்சூ என்ற இரண்டு சீனப் பிரிவினருக்கும் இடையே கலவரம் மூண்டபோது ஊரைக் காக்க ஆள் போதவில்லை. ஐரோப்பியர்கள் கூடித் தொடங்கியதுதான் இந்தப் படை. சீனர், யுரேசியர், மலாய்க்காரர் என்று இனத்துக்கு ஒரு கம்பெனி பின்னால் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும், சீனத் தொண்டூழியர் பலரை ஜப்பானியர் பிடித்துக் கொன்றார்கள். அதையெல்லாம் ‘சிப்பாய் குடியிருப்பு’ என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

போருக்குப் பிறகு படை மறுபடி கூடியபோது சேர்ந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. அவர் வாயில் ‘முகாம்’ என்று வராது, ‘டிரில் ஹால்’தான். பயிற்சிக்கு முதல்நாள் இரவு கிவி பாலிஷ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, துணியை விரலில் சுற்றி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, பூட்ஸின் மூக்கில் முகம் தெரியும்வரை வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். கஞ்சி போட்ட காக்கிச் சட்டையை யாரும் தொடக்கூடாது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான். கல்யாண வேட்டிக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை என்பார்.

1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்து நாடு தனியானபோது நம் கையில் இருந்த முழுநேரக் காலாட்படை இரண்டே பட்டாளம். அந்த நேரத்தில் இந்தத் தொண்டூழியர்களை வைத்துத்தான் மக்கள் தற்காப்புப் படை அமைந்தது. 1966இல் பாடாங் திடலில் நடந்த முதல் தேசிய தின அணிவகுப்பில் அவர்களும் நடந்தார்கள். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

இப்போது அங்கே 45 மாடியிலும் 34 மாடியிலுமாக இரண்டு கோபுரங்கள், கீழே அலை அலையாக ஒரு கூரை. அதில் எனக்குக் குறையில்லை. முகாமின் மூன்று கட்டடங்களையும் கிளப்பையும் இடிக்காமல் விட்டார்களே, அதுவே பெரிது. போன மாதம் பேரனை அழைத்துப் போய், “உன் கொள்ளுத் தாத்தா இங்கேதான் லெஃப்ட் ரைட் போட்டார்” என்றேன். “இது ஹோட்டல் தாத்தா” என்றான். சரி, அவன் சிறுவன். கட்டுரையாளர் அப்படி எழுதலாமா?

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். அப்பாவின் கம்பெனி வரிசையாக நிற்கும் படம் ஒன்று என்னிடம் உண்டு. ஓரத்தில் கரையான் அரித்திருக்கிறது, முகங்கள் தெளிவாகவே இருக்கின்றன. வேண்டுமானால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்