எஞ்சினை இறக்கும் முன் பிரேக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தகப்பனார் வாங்கிய 1964ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் இன்றும் என்னிடம் இருக்கிறது. சீரிஸ் 2ஏ வகை, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 88 அங்குலம், 2286 சி.சி. பெற்றோல் எஞ்சின். தம்பலகாமத்து வயல்களுக்கு விதைநெல்லும் உரமும் ஏற்றி, மாரிகாலச் சேற்றில் உழவு இயந்திரமே தயங்கிய இடங்களிலும் ஏறி இறங்கிய வண்டி அது. அலுமினிய உடல் என்பதால் எங்கள் கடற்காற்றும் அதை அதிகம் தின்னவில்லை.

ஆனால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 6 கிலோமீற்றர்தான் ஓடியது. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற நாட்களிலேயே எஞ்சினை மாற்ற முடிவெடுத்தேன். மறு ஆண்டு நகரில் ஒரு கராஜில் 2771 சி.சி. ஜப்பானிய டேர்போ டீசல் எஞ்சினைப் பூட்டினார்கள். பழைய கியர் பொக்ஸோடு இணைக்க இரும்புத் தட்டு கடைந்து, ரேடியேட்டரை முன்னுக்கு நகர்த்தி, வேலையைச் சுத்தமாகவே செய்தார்கள். வண்டி பறந்தது. நானும் மகிழ்ந்தேன்.

மூன்றாம் வாரம் கந்தளாயிலிருந்து திரும்பும்போது பாலம்போட்டாற்றுக்கு அண்மையில் எருமைக் கூட்டம் ஒன்று வீதியைக் கடந்தது. நான் 80இல் வந்துகொண்டிருந்தேன். அது என் பிழை. பிரேக்கை மிதித்தேன். பெடல் பலகைபோல் இறுகி நின்றது, வண்டி நிற்கவில்லை. இடப்பக்கம் இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கியது. பக்கத்தில் இருந்த என் பேத்தியின் நெற்றியில் 4 தையல்கள். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம்தான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நடந்தது என்ன என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அந்தக் காலத்து 88 அங்குல வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் 10 அங்குல டிரம் பிரேக், மிதியின் பலத்தைப் பெருக்கும் பூஸ்டர் கிடையாது, நான்குக்கும் ஒரே பிரேக் எண்ணெய் வழி, ஓரிடத்தில் கசிந்தால் முழுவதும் போய்விடும். பழைய எஞ்சின் 70ஐத் தாண்டவே மூச்சு வாங்கும் என்பதால் அந்த மெதுவுக்கு அந்தப் பிரேக் போதுமாக இருந்தது. புதிய எஞ்சின் அந்தப் பொருத்தத்தைக் குலைத்துவிட்டது.

இதில் என்னை இன்னும் கோபப்படுத்துவது ஒன்று உண்டு. பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் தானாகவே வெற்றிடம் உண்டாகும். பிரேக் பூஸ்டர் அதைக்கொண்டு வேலை செய்யும். டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் கிடைக்காது. அதற்காகவே எனக்கு வந்த எஞ்சினில் அல்டர்னேட்டரின் பின்புறம் ஒரு வெற்றிடப் பம்ப் இருந்தது. பூஸ்டர் பூட்டக் கைக்கெட்டிய தூரத்தில் வழி இருந்தும், தேவையில்லை என்று அந்தக் குழாயை அடைத்துவிட்டிருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பழைய வண்டியில் எஞ்சின் மாற்றுவதே பாவம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லேண்ட் ரோவரைச் செய்தவர்களே 1979இல் 109 அங்குல வண்டிக்கு 3.5 லீற்றர் வி8 எஞ்சின் பூட்டினார்கள். ஆனால் எப்படிப் பூட்டினார்கள்? வலுவை வேண்டுமென்றே 91 குதிரைவலுவுக்குக் குறைத்தார்கள். கியர் பொக்ஸை மாற்றி, நான்கு சக்கரங்களுக்கும் எந்நேரமும் இழுவை போகும்படி செய்தார்கள். எஞ்சினுக்கு இடம் வேண்டி வண்டியின் முகப்பையே முன்னுக்குத் தள்ளினார்கள். உற்பத்தி செய்தவர்களுக்கே இத்தனை யோசனை தேவைப்பட்டிருக்கிறது.

நான் இப்போது 109 அங்குல வண்டியின் 11 அங்குல டிரம்களும், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும், பூஸ்டரும் பூட்டியிருக்கிறேன். அடைத்த பம்பைத் திறந்து பூஸ்டருக்குக் குழாய் போட்டோம். இடையில் பின் அச்சில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஹாஃப் ஷாஃப்ட் ஒன்றும் முறிந்தது. 10 பல்லுள்ள அந்த மெல்லிய தண்டு பழைய எஞ்சினின் இழுவைக்கு அளந்து செய்யப்பட்டது. சேற்றில் சக்கரம் சிக்கியிருக்கும்போது வேகமாக மிதிக்காதீர்கள்.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் வாங்கும் புகைச் சான்றிதழ் புகையைப் பற்றி மட்டுமே சொல்கிறது. எஞ்சின் மாற்றிய வண்டியின் புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றும்போதே பிரேக்கையும் ஓட்டிப் பார்த்துச் சான்று தரும் முறை வேண்டும்.

கராஜ் நடத்தும் தம்பிமாரிடமும் கேட்கிறேன்: எஞ்சினுக்கு விலை எழுதும் அதே தாளில் பிரேக்குக்கும் எழுதிக் கொடுங்கள். எனக்கு அப்படி எழுதித் தந்திருந்தால், இன்னொரு போகத்து நெல்லை விற்றாவது அந்தப் பணத்தைக் கட்டியிருப்பேன்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
தம்பலகாமம், திருகோணமலை.