ஓஓகா ஷோஹெய்யைப் போர் எழுத்தாளர் என்பதோடு நிறுத்திவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ஜப்பானியப் போர் நாவல்கள் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஓஓகா ஷோஹெய்க்கு அதில் இடம் கொடுத்திருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால் பிலிப்பைன்ஸ் காட்டில் தான் பட்ட பாட்டை எழுதிய சிப்பாய் என்று அவரை அறிமுகப்படுத்திவிட்டு, பிரெஞ்சிலிருந்து சில மொழிபெயர்ப்புகளும் செய்தவர் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் வந்திருக்க வேண்டிய வரி அது. போருக்குப் போகும்போது ஓஓகாவுக்கு 35 வயது. அதுவரை அவர் நாவலாசிரியரே அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தாலின் வாசகர், மொழிபெயர்ப்பாளர். அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு அவருடைய போர் எழுத்தைப் படித்தால் பாதிதான் கைக்கு வரும்.

1909-ல் டோக்கியோவில் பிறந்தவர் ஓஓகா. 1928-ல் அவருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர் கோபயாஷி ஹிதெயோ. ஜப்பானிய இலக்கிய விமர்சனத்தின் பெரிய பெயர்களில் ஒன்றாகப் பின்னாளில் உயர்ந்தவர். அந்த வட்டத்தில்தான் கவிஞர் நகஹாரா சூயாவின் நட்பும் கிடைத்தது. சூயா 1937-ல், முப்பது வயதில் மறைந்தார். அந்த நண்பரின் வாழ்க்கையை எழுதுவதையும் கவிதைகளைப் பதிப்பிப்பதையும் ஓஓகா கடைசிவரை கைவிடவில்லை. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்து 1932-ல் வெளியே வந்தார். பிழைப்புக்கு, கோபே நகரில் பிரெஞ்சு-ஜப்பானியக் கூட்டு நிறுவனமான ஓர் ஆக்சிஜன் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை. ஓய்ந்த நேரமெல்லாம் ஸ்டெந்தால். ‘காதலைப் பற்றி’, ‘பார்மாவின் மடாலயம்’ இரண்டுக்கும் அவர் செய்த மொழிபெயர்ப்புகளை ஜப்பானிய வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவருகிறார்கள்.

1944-ல் படையில் சேர்க்கப்பட்டு, பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவுக்கு அனுப்பப்பட்டார். சங்கேதச் செய்திகளைக் கையாளும் வேலை. டிசம்பர் 15 அன்று அமெரிக்கப் படை அந்தத் தீவில் இறங்கியது. ஜப்பானியப் படை மலைக்குள் ஒதுங்கியது. அங்கே மலேரியா அவர்களை வரிசையாகச் சாய்த்தது. 1945 ஜனவரி 25 அன்று, நடக்கவும் தெம்பில்லாமல் கிடந்த ஓஓகா பிடிபட்டார். அதற்கு முன் கையெறி குண்டை வெடித்துச் சாக முயன்றார், குண்டு வெடிக்கவில்லை.

பிடிபடும் முன் நடந்த இன்னொரு சம்பவத்தை ‘கைதியின் குறிப்புகள்’ நூலின் முதல் பகுதியில் எழுதியிருக்கிறார். தங்கள் கட்டுரையாளர் அதைத் தொடாமலே போய்விட்டார். தாகத்தாலும் காய்ச்சலாலும் தளர்ந்து, தனியாகப் புதரோரம் படுத்திருக்கிறார் ஓஓகா. எதிரே வெட்டவெளியில் இளம் அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் நடந்து வருகிறான். சிவந்த கன்னங்கள், எச்சரிக்கையே இல்லாத நடை. அமெரிக்கன் எதிர்ப்பட்டால் சுடுவதில்லை என்று ஓஓகா முன்பே முடிவு செய்திருந்தார். ஆனால் அவன் நெருங்கும்போது அவருடைய வலது கை தானாகவே போய்த் துப்பாக்கியின் பாதுகாப்புக் கொக்கியை விடுவித்துவிடுகிறது. அந்த நேரத்தில் வேறு பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்க, அவன் திரும்பி அந்தத் திசையில் போய்விடுகிறான். ஓஓகா சுடவில்லை.

இன்னொருவர் எழுதியிருந்தால் சம்பவம் அங்கே முடிந்திருக்கும். மனிதநேயம் வென்றது என்று வாசகனும் கண் கலங்கியிருப்பான். ஓஓகாவுக்கு வேலையே அங்கேதான் தொடங்குகிறது. நான் ஏன் சுடவில்லை? மனித இனத்தின் மேல் அன்பா? முன்பின் தெரியாதவன் மேல் அந்தக் கணத்தில் அப்படி ஓர் அன்பு எழுந்ததாக அவரால் சொல்ல முடியவில்லை. எடுத்த முடிவில் உறுதியா? அப்படியானால் கை ஏன் கொக்கிக்குப் போனது? அந்த இளம் முகத்தைக் கண்டதும் தகப்பன் மனசு விழித்துக்கொண்டதா? கடவுள் குறுக்கிட்டாரா? ஒவ்வொரு விடையையும் எடுத்து, தட்டிப் பார்த்து, இது பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானமோ என்று சந்தேகித்து, அடுத்ததற்குப் போகிறார். பக்கம் பக்கமாக நீள்கிறது இந்த விசாரணை. உன் உள்ளம் நல்லது என்பதால் நீ கொல்லாமல் இருந்தாய் என்று எண்ணாதே என்னும் பொருளுடைய ஒரு வரியை, ‘தன்னிஷோ’ என்ற பழைய பௌத்த நூலிலிருந்து எடுத்துத்தான் புத்தகத்தின் முகப்பில் வைத்திருக்கிறார். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இதைவிடப் பெரிய வாய்ப்பு ஒரு சிப்பாய்க்குக் கிடைக்காது. அதை அவர் தொடக்கூட மறுத்தார். இந்த நேர்மையை அவர் ஸ்டெந்தாலிடம் கற்றார் என்பது என் உறுதியான எண்ணம். உணர்ச்சி பொங்கும் இடத்தில் நின்று, இது என்ன உணர்ச்சி, எங்கிருந்து வந்தது என்று வறண்ட, துல்லியமான வாக்கியங்களில் கேட்பது ஸ்டெந்தாலின் வழி.

‘பார்மாவின் மடாலய’த்தில் வரும், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை நினைத்துப் பாருங்கள். ஃபப்ரீஸ் என்ற இளைஞன் புகைக்கும் சேற்றுக்கும் நடுவே குதிரையில் அலைகிறான். தான் கண்டது உண்மையில் ஒரு போர்தானா என்றே அவனுக்குப் பிறகு விளங்கவில்லை. ஸ்டெந்தால் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பில் போய்த் திரும்பியவர். களத்தில் நிற்பவனுக்குக் களம் தெரியாது என்பதை அனுபவத்தில் அறிந்தவர். அந்த இடத்திலிருந்துதான் ஓஓகா எழுதினார். பிறகு அது போதாது என்றும் அவருக்குப் பட்டது.

ஓஓகாவின் போர் நாவலான ‘சமவெளித் தீ’யைப் பற்றித் தங்கள் கட்டுரை விரிவாகவே சொன்னது. நரமாமிசக் கொடுமையை மட்டுமே அதிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் குறை. காச நோயாளி என்று படைப்பிரிவும் விரட்ட, மருத்துவமனையும் சேர்க்க மறுக்க, காட்டில் அலையும் தமுரா, செத்துக்கொண்டிருப்பவனின் சதையை அறுக்கப் போகிறான். அப்போது அவனுடைய இடது கை வலது கையின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறது. மிண்டோரோவில் தானாகக் கொக்கிக்குப் போன வலது கையை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் படித்தால் வேறு ஆழம் தெரியும்.

பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் நடந்த போரைப் பற்றிய அடுத்த பெரிய நூலான ‘லெய்ட்டே போர்க்குறிப்பு’ கட்டுரையில் பெயரளவில்கூட இல்லை. 1967-லிருந்து 1969 வரை ‘சூஓ கோரோன்’ மாத இதழில் தொடராக வந்து, 1971-ல் நூலானது. ஒரு சிப்பாயின் கண்ணுக்கு எட்டாததையெல்லாம் அங்கே சேகரித்தார். ஜப்பானிய ஆவணங்கள், அமெரிக்க ஆவணங்கள், உயிர் தப்பியவர்களின் சாட்சியங்கள் எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்து, எந்தப் படைப்பிரிவு எந்த மேட்டில் எந்த நாளில் அழிந்தது என்று எழுதினார். அந்தத் தீவுக்குப் போன எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களில் திரும்பியவர்கள் மிகச் சிலர். செத்தவர்களுக்கே அந்த நூலைக் காணிக்கை ஆக்கினார். அதன் முடிவில் அவர் எடுத்துரைப்பது ஜப்பானியர் துயரத்தை மட்டுமல்ல. இரு நாடுகள் தங்களுக்குள் மோதிக்கொள்ள, அதிகம் இழந்தவர்கள் சொந்த மண்ணில் வாழ்ந்த பிலிப்பைன்ஸ் மக்கள் என்று சொல்கிறார். தோற்ற நாட்டின் எழுத்தாளர் ஒருவர் இதைச் சொன்னார் என்பதற்காகவே அந்த நூலை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவேன்.

போருக்கு வெளியேயும் அவர் நிறைய எழுதினார். அவற்றில் ‘முசாஷினோ சீமாட்டி’ (1950) நாவலை மட்டும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அதில் வரும் கணவன் அகியாமா பிரெஞ்சுப் பேராசிரியன், ஸ்டெந்தாலில் ஊறியவன். படித்த கள்ளக்காதல்களை வாழ்க்கையில் நடத்திப் பார்க்க ஆசைப்பட்டு, மனைவியின் அழிவுக்கு வழி செய்கிறான். தான் உயிராக நேசித்த எழுத்தாளரை வெறும் நாகரிகமாக அணிந்துகொள்பவன் எவ்வளவு கொடியவன் ஆகிவிடலாம் என்று காட்ட, ஸ்டெந்தாலை மொழிபெயர்த்தவருக்கே துணிவு வந்திருக்கிறது.

1971-ல் ஜப்பான் அரசின் கலைக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவர் மறுத்தார். போர்க்கைதியாக இருந்த கடந்தகாலம் எனக்கு உண்டு என்பதே அவர் தெரிவித்த காரணம். கைதியாகும் அவமானத்தோடு உயிர் வாழாதே என்று 1941-ல் ராணுவம் சிப்பாய்களுக்கு விதி எழுதிக் கொடுத்திருந்தது. அந்த விதிக்குப் பிறந்த அவமானத்தை, விதித்த அரசின் முன்னாலேயே அவர் எடுத்து வைத்தார் என்றுதான் நான் அந்த மறுப்பைப் புரிந்துகொள்கிறேன். 1988 டிசம்பர் 25 அன்று மறைந்தார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ‘கைதியின் குறிப்புகள்’ நூலின் அந்த முதல் பகுதியை மட்டுமாவது, உரிமை பெற்று, ஜப்பானிய மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு தமிழில் வெளியிடுங்கள். சுருக்க வேண்டாம். இடப்பற்றாக்குறை என்றால் இரண்டு இதழ்களில் பிரித்துப் போடுங்கள். சுடாமல் விட்டதைப் பற்றிய அந்த நீண்ட விசாரணையில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
புதுச்சேரி